ஷபாத் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

முதல் நாள் பெட்டியை உள்ளே இழுக்கும் முன்னால் வாசல் நிலையைப் பாருங்கள். நுழையும்போது வலது கைப்பக்கம், ஏறக்குறைய தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உறை ஆணியடித்திருக்கும். அதுதான் மெசூசா. உள்ளே தோல் சுருளில் பைபிளின் உபாகம வசனங்கள். ஐரோப்பிய வழி யூதர் வீடு என்றால் அது சாய்வாக இருக்கும். அடித்தவருக்குக் கை கோணியதால் வந்த சாய்வு இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரபேனு தாம், படுக்க வைக்க வேண்டும் என்றார். இரண்டு பேருமே தட்டிவிட முடியாத ஆட்கள். பின்னால் வந்தவர்கள் இருவருக்கும் பொதுவாகச் சாய்த்து அடித்துவிட்டார்கள். ஈராக், மொராக்கோ வழி வீடுகளில் பெரும்பாலும் நேராகவே இருக்கும்.

நிலையைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் எந்த வழி என்பது ஒன்று. இங்கே ஒரு கட்டளை என்றால் அதைப் பற்றிய சண்டையும் கூடவே இருக்கும் என்பது இன்னொன்று.

நான் நாகர்கோவில்காரி. எருசலேமில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் தங்கி வேலை பார்க்கிறேன். பாட்டிக்குப் பார்க்கின்சன், சக்கர நாற்காலியும் மின்சாரக் கட்டிலும்தான் உலகம். பேரப்பிள்ளைகள் அழைப்பதுபோல நானும் அவரை சவ்தா என்றும் தாத்தாவை சபா என்றும் கூப்பிடுகிறேன். சபாவின் குடும்பம் ஜெர்மனி வழி. சவ்தா பாக்தாதில் பிறந்தவர். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பழக்கம். என் ஏஜென்சி தந்த தாளில் "கோஷெர் வீடு, ஷபாத் கடைப்பிடிப்பவர்கள்" என்று ஒரே வரிதான் இருந்தது. கோஷெர் என்றால் யூதர்களின் சாப்பாட்டு விதிப்படி என்று அர்த்தம்; ஷபாத் என்றால் வெள்ளி சாயங்காலம் முதல் சனி இருட்டும்வரை வருகிற ஓய்வு நாள். அந்த ஒரு வரியை நம்பி வருகிற தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

613 கட்டளைகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. பயப்படாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி ஆலயம், பலி, அரசன், வயல் சம்பந்தப்பட்டவை. உங்கள் கைக்கு வருபவை அடுக்களையும் ஷபாத்தும் பண்டிகைகளும்தான். அவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். யாரிடம், எப்போது கேட்பது என்று தெரிந்தால் போதும்.

அடுக்களை

பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. பல வீடுகளில் சிவப்புக் கைப்பிடி இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை இரண்டிலும் சேராத காய்கறி வகைக்கு. இரண்டு தொட்டி, இரண்டு ஸ்பாஞ்ச், இரண்டு துடைக்கும் துணி. நம் சமையலில் மாட்டுவது தயிரும் நெய்யும். கோழியைத் தயிரில் ஊறவைக்கிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்ன வாணலி தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சி சாப்பிட்ட கையோடு பால் டீ குடிக்கிற நமக்கு இது பெரிய நிம்மதி.

இறைச்சிக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பால்? இந்த வீட்டில் மூன்று மணி நேரம். மருமகன் வந்தால் அவருக்கு ஆறு. டச்சு வழிக்காரர்களுக்கு ஒரு மணி நேரமே போதும். ரபிகள் என்கிற யூத மத ஆசிரியர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த நூல் தல்மூத். அதில் மார் உக்வா என்ற ரபி ஒருவர் சொல்கிறார்: இந்த விஷயத்தில் நான் ஒயினுக்குப் பிறந்த வினிகர், என் அப்பா இறைச்சி சாப்பிட்டால் மறுநாள் அதே நேரம்வரை சீஸ் தொட மாட்டார், நானோ அடுத்த வேளையே சாப்பிட்டுவிடுகிறேன். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவர் சொல்லவில்லை. அதிலிருந்துதான் இந்த ஆறும் மூன்றும் ஒன்றும் பிறந்தன. அதனால் மருமகன் வருகிற வெள்ளிக்கிழமை மதியம் இறைச்சி போட்டால், சாயங்காலம் சீஸ் கேக் எடுத்து நீட்டாதீர்கள். சபா சாப்பிடுவார், மருமகன் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது மனசு சங்கடப்படுகிற ஒன்று. யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததை இவர்கள் சாப்பிட மாட்டார்கள். பச்சையாகத் தின்னக்கூடியவை இதில் சேராது; ராஜா வீட்டு விருந்தில் வைக்க லாயக்கில்லாத சாதாரண பண்டமும் சேராது. மற்றபடி, நீங்கள் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு கோஷெராக ஆக்கினாலும் சரி. முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கலந்து சாப்பிட்டுப் பழகினால் கல்யாணம்வரை போகும் என்பதுதான் பழைய காரணம் என்று சபா ஒளிக்காமல் சொன்னார். அந்தக் காரணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது என்னை ருசி பார்த்துப் போட்ட விதி இல்லை என்பது புரிந்தது.

எப்படிச் சமாளிப்பது? 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக் என்ற சட்டநூலை எழுதிய யோசேப் காரோ, யூதர்தான் பானையை அடுப்பில் வைக்க வேண்டும் என்கிறார். அதே நூலுக்கு உரைக்குறிப்பு எழுதிய கிராகோவின் மோசே இசர்லெஸ், யூதர் தீ மூட்டினாலே போதும் என்கிறார். வீட்டு வேலைக்காரி சமைப்பதை அனுமதிப்பவரும் உண்டு, தடுப்பவரும் உண்டு என்று காரோவே குறித்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இசர்லெஸ் கட்சி. காலை பத்து மணிக்குக் காய் நறுக்கி முடித்ததும் சவ்தாவின் நாற்காலியை அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போவேன். அவர் கை ஆடும். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் குமிழின் இரண்டு பக்கமும் அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருப்பு. சில நாள் இரண்டு மூன்று தடவை ஆகும். நடுவில் கை கொடுத்து உதவாதீர்கள். அந்தத் திருப்பு அவருடையது. பற்றிக்கொண்டதும் "போதும், இனி உன் ராஜ்யம்" என்பார். சவ்தா பிறந்த வீட்டு வழியில் இது பத்தாது, பானையையும் அவரே வைக்க வேண்டும். அவருடைய தங்கை வருகிற நாளில் சபா எழுந்து வந்து பானையை வைத்துவிட்டுப் போவார். சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: இந்த வீட்டில் தீ மட்டுமா, பானையுமா?

ஒயின் பாட்டிலை நீங்களாகத் திறந்து ஊற்றாதீர்கள். காய்ச்சிய ஒயின் என்றால் தடையில்லை; லேபிளில் போட்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் பாட்டிலை எடுத்துக் கொடுக்காமல் இருப்பதே மரியாதை.

வெள்ளி சாயங்காலம் முதல்

எருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். சைரன் ஊதும். அதற்கு முன் முடிக்க வேண்டியவை: ஃப்ரிட்ஜ் விளக்கை அணைத்தல், டைமர் வைத்தல், சூட்டுத் தட்டில் சாப்பாட்டை ஏற்றுதல், வெந்நீர் கொதிகலத்தை நிரப்புதல், டாய்லெட் பேப்பரைக் கிழித்து அடுக்குதல், அடுத்த நாள் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடுதல். கடைசி ஒன்றை மறக்கவே கூடாது.

ஷபாத்தில் 39 வகை வேலைகள் தடை என்று, தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா பட்டியல் போடுகிறது: உழுதல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல் என்று. அவை யூதர்களுக்கு; உங்களுக்கு இல்லை. உங்கள் அறையில் உங்கள் போனைப் பாருங்கள், ஊருக்குப் பேசுங்கள். சாப்பாட்டு மேஜையில் மட்டும் வேண்டாம்.

குழப்பம் வருவது, அவர்களுக்காக நீங்கள் செய்யலாமா என்பதில். "விளக்கைப் போடு" என்று ஆரோக்கியமானவர் உங்களிடம் சொல்லக் கூடாது. மிஷ்னாவில் இது நேராகவே வருகிறது: யூதர் அல்லாதவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம், யூதருக்காக ஏற்றினால் கூடாது. கூடவே ஒரு கதை. ரபான் கமாலியேலும் மூப்பர்களும் கப்பலில் வந்தார்கள். இறங்க ஒருவர் பலகை போட்டார். அவரும் இறங்க வேண்டியவர்தானே. அதே பலகையில் இவர்களும் இறங்கினார்கள். ஆகவே ராத்திரி தண்ணீர் குடிக்க நான் அடுக்களைக்குப் போய் எனக்காக விளக்கைப் போட்டால், சபா அந்த வெளிச்சத்தில் ஜெபப் புத்தகத்தைத் தேடுவார். "இங்கே என்ன இப்படி இருட்டாக இருக்கு" என்று யாராவது சும்மா சொல்வதும் உண்டு. அப்படிக் குறிப்பு காட்டலாமா என்பதிலும் இரண்டு கட்சி. நீங்கள் அதில் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். "எனக்கு வெளிச்சம் வேணும்" என்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

நோயாளி விஷயம் வேறு. உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், படுக்கையில் இருக்கிற நோயாளிக்கு வேண்டியதை யூதர் அல்லாதவரிடம் நேரடியாகவே சொல்லிச் செய்விக்கலாம். கட்டிலை உயர்த்துவது, ஹீட்டர் போடுவது, குளிப்பாட்ட வெந்நீர் திறப்பது, சூடாகக் கஞ்சி வைப்பது எல்லாம் இதில் வரும். சபா குறிப்பால் பேசிக்கொண்டிருந்தால்கூட நீங்கள் சவ்தாவின் தேவையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

உயிர் ஆபத்து என்றால் எல்லா விதியும் ஒதுங்கிக்கொள்ளும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விழுந்து தலையில் அடி: உடனே ஆம்புலன்ஸுக்கு 101. போனை யார் எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். அதற்காக "நீ யூதர் இல்லை, நீ அழை" என்று உங்களைத் தேடி நேரம் கடத்துவதும் தப்பு. அந்த வீட்டின் பெரிய படிப்பாளியே முதலில் கை வைக்க வேண்டும் என்பதுதான் தல்மூதின் கருத்து. எருசலேம் தல்மூத் என்ற இன்னொரு தொகுப்பு இன்னும் கடுமை: அப்படிப்பட்ட நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்பவன் ரத்தம் சிந்துகிறவன், கேட்கும்படி வைத்துக்கொண்ட ரபியும் இகழ்ச்சிக்குரியவர்; முன்கூட்டியே அவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாக்குவாதத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற மரபு, வாயை மூடிக்கொண்டு ஓடு என்று சொல்லும் ஒரே இடம் இதுதான்.

யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளின் நோன்பு வருமுன் மருத்துவரிடமும் ரபியிடமும் பேசச் சொல்லி மகளைத் தொந்தரவு செய்யுங்கள். எங்கள் சவ்தா "நான் தாங்குவேன்" என்றார். சபா தல்மூதின் யோமா பகுதியைத் திறந்தார். நோயாளி சாப்பாடு வேண்டும் என்று சொல்லி மருத்துவர் வேண்டாம் என்றால் நோயாளி பேச்சுதான் செல்லும். இதயம் தன் கசப்பை அறியும் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே. நோயாளி வேண்டாம் என்று சொல்லி மருத்துவர் வேண்டும் என்றால் மருத்துவர் பேச்சு செல்லும். இரண்டிலும் சாப்பாடுதான் ஜெயிக்கிறது, கவனித்தீர்களா? சவ்தா முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அளவையும் நேரத்தையும் ரபி சொல்வார். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கத்தும்போது

வாரத்தில் பல சாயங்காலம் எதிர் மாடிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கர், சபாவோடு தல்மூத் படிக்க வருவார். இப்படி ஜோடியாகப் படிப்பதற்கு ஹவ்ரூத்தா என்று பெயர். பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு ஓரத்தில் ராஷியின் உரை, மறு ஓரத்தில் ராஷியை மடக்குகிற பேரன்மார் கூட்டத்தின் உரை. இந்த அமைப்பு 1520களில் வெனிஸில் அச்சானதிலிருந்து அப்படியே தொடர்கிறது. இரண்டு கிழவர்களும் மேஜையைத் தட்டுவார்கள். "உனக்குப் படிக்கவே தெரியவில்லை" என்பார்கள். விரல் மூக்கு வரைக்கும் போகும். சமாதானம் செய்யப் போகாதீர்கள். தண்ணீர் கொண்டு போய் நடுவில் வைப்பதும் வேண்டாம். குரல் தானாக இறங்கும். அப்போது டீ கொண்டு போங்கள்.

எதிர் மாடிக்காரர் ஒரு சமயம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதிலுக்கு ஒரு இளைஞன் வந்தான். நல்ல பையன். சபா எது சொன்னாலும் தலையாட்டி, அதற்கு ஆதாரமும் எடுத்துக் கொடுத்தான். சபாவுக்கு முகமே இல்லை. கதவு சாத்தியதும் என்னிடம் ரபி யோகனான் கதையைச் சொன்னார். அவருடைய ஜோடி ரேஷ் லக்கீஷ் இறந்ததும் வேறொருவரை அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் "உங்களுக்கு ஆதரவாக ஒரு பழைய போதனை இருக்கிறது" என்றார். ரபி யோகனான் வெடித்தார்: நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா? ரேஷ் லக்கீஷ் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில்தானே விஷயம் தெளியும்!

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை இருக்கிறது. சபா ஒரு விதியைச் சொன்னால் "சரி சபா" என்று மட்டும் போகாதீர்கள். "யார் அப்படிச் சொன்னது? ஒத்துக்கொள்ளாதவர் யார்?" என்று கேளுங்கள். மனிதர் பத்து வயது குறைந்துவிடுவார். கேட்கும் நேரம் முக்கியம்: செவ்வாய், புதன் நல்லது. வெள்ளி மதியம் கேட்டால் எரிச்சல்தான் கிடைக்கும்.

மறுத்துப் பேசவும் ஒரு முறை உண்டு. பழைய காலத்து ரபிகளில் ஹில்லேல் பள்ளிக்கும் ஷம்மாய் பள்ளிக்கும் மூன்று வருடம் வழக்கு நடந்ததாம். இரண்டும் ஜீவனுள்ள கடவுளின் வார்த்தைகளே, ஆனால் நடைமுறை ஹில்லேல் பக்கம் என்று வானத்திலிருந்து குரல் வந்தது. காரணம், அவர்கள் சாந்தமானவர்கள். தங்கள் கருத்துக்கு முன்னால் ஷம்மாய் பள்ளியின் கருத்தைச் சொல்வார்கள். நான் இதை மருந்து விஷயத்தில் பயன்படுத்துகிறேன். மகள் சாயங்கால மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கச் சொன்னார். நான் முதலில் அவர் பக்கத்தைச் சொன்னேன்: வெறும் வயிற்றில் கொடுத்தால் சவ்தாவுக்குக் குமட்டும் என்று நீங்கள் பயப்படுவது சரி. அப்புறம் என் பக்கம்: இறைச்சியோடு சேர்ந்தால் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை, கை விறைக்கிறது. மருத்துவரைக் கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிஸ்கட்டோடு கொடுப்பது என்று முடிந்தது.

பஸ்காவும் இட்லி மாவும்

பஸ்கா, புளித்ததை விலக்கி வைக்கிற பண்டிகை. இதுதான் வருடத்தின் பெரிய பரீட்சை. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியத்தில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. உங்கள் அலமாரியையும் பாருங்கள். பிஸ்கட், மேகி, ரவை, சேமியா, கோதுமை மாவு எல்லாம் போக வேண்டும். பலர் கவனிக்காதது பெருங்காயம்: டப்பியில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பின்னால் திருப்பிப் படியுங்கள்.

அரிசியும் பருப்பும் வேறு கணக்கு. ஐரோப்பிய வழியினர் பஸ்காவில் அவற்றைச் சாப்பிடுவதில்லை. ஈராக் வழியினர் அரிசியை மூன்று தடவை பொறுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். சவ்தா கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வழிக்கு வந்தவர். பஸ்காவில் அரிசி இல்லாத வருத்தத்தை வருடா வருடம் சொல்வார்.

ஒரு முறை பஸ்காவுக்கு முந்தின வாரம் இட்லிக்கு ஆட்டி, என் பாத்திரத்தில் மூடி வைத்திருந்தேன். சபா மூடியைத் தூக்கினார். மாவு பொங்கி, மேலே குமிழ் வெடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன தானியம்?"

"அரிசியும் உளுந்தும்."

"கோதுமை?"

"ஒரு துளி இல்லை."

அவ்வளவுதான், எதிர் மாடிக்காரருக்குப் போன் போயிற்று. தல்மூதில் பஸ்காவைப் பற்றிய பெசாகிம் தொகுதி மேஜைக்கு வந்தது. சபா வாசித்தார்: ஐந்து தானியம்தான் புளிக்கும்; அரிசியும் தினையும் கெட்டுத்தான் போகும், புளிப்பாகாது. எதிர் மாடிக்காரர் விரலை அதே பக்கத்தில் வைத்தார்: ரபி யோகனான் பென் நூரி அரிசியும் தானியம்தான் என்கிறாரே? "அவர் தனி ஆள், தோற்றவர்" என்றார் சபா. "தோற்றவருக்கு மூக்கு இருந்தது. இதை மோந்து பார், இது கெட்டதா, புளித்ததா?" இரண்டு பேரும் என் மாவுக்கு மேல் குனிந்தார்கள். நான் கரண்டியை எடுத்து ஒரு கிண்டு கிண்டிக் காட்டினேன். உள்ளறையிலிருந்து சவ்தா, "பாக்தாதில் என் அம்மாவை யாராவது கேட்டீர்களா?" என்று குரல் கொடுத்தார்.

ரபியிடம் கேட்டு வந்த பதில்: எனக்காக நான் செய்துகொள்ளலாம், என் பாத்திரத்தில், அவர்களுடைய பஸ்காப் பாத்திரங்களைத் தொடாமல். உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். அதனால் ஆட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், இரண்டு வாரம் முன்னால் கேட்டால் இன்னும் நல்லது. பண்டிகை முடிந்த மறுநாள் சவ்தா இட்லி கேட்டார். அடுப்பை அவரே பற்ற வைத்தார்.

ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். நீங்கள் லீவில் ஊருக்குப் போகும்போது பதிலுக்கு வருகிறவருக்கு அது வேண்டும். ஒவ்வொரு விஷயத்துக்கும் இந்த வீட்டில் நடப்பது என்ன, யார் சம்மதிக்கவில்லை, யாரைக் கேட்பது என்று மூன்று வரி போதும். சபா ஆண்களோடு மட்டுமே கை குலுக்குவார், அவரோடு தனியாக இருக்க நேர்ந்தால் வாசல் கதவைத் தாழிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள். வியாழக்கிழமையே கையில் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால், அதில் ஒரு வரி புரியாவிட்டால் சனிக்கிழமை இருட்டும் வரைக்கும் போனில் யாரும் அகப்பட மாட்டார்கள்.